பாதாள ரயில் யாருக்காக ஓடுகிறது? நியூயார்க் நகரத்தின் 120 ஆண்டுக் கணக்கு

“நகரப் போக்குவரத்து தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். கட்டணத்தைக் குறைத்தால் நஷ்டம். தொழிலாளிக்குக் கூலியை உயர்த்தினால் திவால். தனியாரிடம் விட்டுவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.”

முதலாளித்துவப் பத்திரிகைகள் ஓயாமல் பாடும் பாட்டு இது. பாட்டுக்குப் பக்கவாத்தியமாக அவர்கள் இழுத்து வருவது நியூயார்க் நகரத்துப் பாதாள ரயிலை. “பாருங்கள், மலிவுக் கட்டணமும் தொழிற்சங்கமும் சேர்ந்து அந்த மாபெரும் ரயிலைச் சீரழித்துவிட்டன” என்கிறார்கள்.

நல்லது. நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். 472 ஸ்டேஷன்கள், ஏறத்தாழ 665 மைல் நீளத் தண்டவாளம், இரவும் பகலும் ஓடும் வண்டிகள். உலகில் இதைவிட அதிக ஸ்டேஷன்கள் கொண்ட நகர ரயில் கிடையாது. டாலர் முதலாளிகளின் தலைநகரத்திலேயே, அவர்களுடைய கணக்கேட்டையே புரட்டிப் பார்ப்போம். நஷ்டத்தை உண்டாக்கியது யார்? லாபத்தைத் தின்றது யார்? மலிவுக் கட்டணமும் தொழிற்சங்கமும்தான் குற்றவாளிகளா?

முதல் போட்டது நகரம், ஆண்டது கம்பெனி

நியூயார்க்கின் முதல் பாதாள ரயில் 1904 அக்டோபர் 27-ந் தேதி ஓடத் தொடங்கியது. 28 ஸ்டேஷன்கள், சுமார் 9 மைல், கட்டணம் 5 சென்ட். முதல் நாள் மாலையிலேயே லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஏறினார்கள்.

சுரங்கம் தோண்டப் பணம் கொடுத்தது யார்? 1900-ல் போட்ட ஒப்பந்தப்படி, 350 லட்சம் டாலரை நகர சர்க்கார் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிக் கொடுத்தது. மக்களின் வரிதான் அந்தக் கடனுக்கு ஜாமீன். வெட்டிய சுரங்கமோ 50 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பெனியிடம் போயிற்று. அதற்கு மேலும் 25 ஆண்டு நீட்டித்துக்கொள்ள வசதி வேறு! கம்பெனி செய்ய வேண்டியதெல்லாம் வண்டிகளுக்கும் மின்சாரத்துக்கும் முதல் போடுவது, நகரத்தின் கடன் வட்டிக்கு ஈடாக வாடகை கட்டுவது, அவ்வளவுதான். கம்பெனியின் தலைவர் ஆகஸ்ட் பெல்மான்ட் என்ற பாங்கு முதலாளி. அந்தச் சுரங்கத்தில் தாம் உலா வருவதற்கென்றே ‘மினியோலா’ என்ற பெயரில் தனி ரயில் பெட்டி ஒன்றைக் கட்டிவைத்துக்கொண்டார் அவர். சாதாரண மக்கள் தோல்வாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போன அதே தண்டவாளத்தில்தான்!

தோண்டிய தொழிலாளிகளின் கதி என்ன? 1903 அக்டோபரில் ஃபோர்ட் ஜார்ஜ் என்ற இடத்தில் பாறை சரிந்து 10 பேர் ஒரே விபத்தில் மாண்டார்கள். அவர்களுக்குத் தனிப் பெட்டி கிடையாது. சவப்பெட்டிதான் கிடைத்தது.

1913-ல் ரயிலை விரிவுபடுத்த இன்னொரு ஒப்பந்தம். இப்போது இரண்டு கம்பெனிகள். கட்டணம் 5 சென்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அதே ஒப்பந்தத்தில் வேறொரு ஷரத்தும் இருந்தது. அதைப் பற்றி முதலாளித்துவப் பத்திரிகைகள் வாய் திறப்பதில்லை. வசூலாகும் பணத்தில் வாடகை, வரி, ஓட்டும் செலவு ஆகியவை போனதும், முதல் பந்தியில் உட்காருவது கம்பெனிகளின் பங்கு. ஒரு கம்பெனிக்கு ஆண்டுக்கு 63 லட்சத்து 35 ஆயிரம் டாலர். இன்னொன்றுக்கு 35 லட்சம் டாலர். அடுத்தது கம்பெனிகள் போட்ட புதிய முதலுக்கு வட்டி. எல்லாரும் சாப்பிட்டு இலை எடுத்த பிறகுதான் நகரம் போட்ட முதலுக்கு வட்டி! கடைசிப் பந்திக்குச் சோறு மிஞ்சாதபோது, கடன் வட்டியைக் கட்டியவர்கள் யார்? வரி கொடுக்கும் மக்கள்தான்.

நஷ்டம் எங்கே பிறந்தது என்று இப்போது தெரிகிறதா? 5 சென்ட் நாணயத்தில் பிறக்கவில்லை. கம்பெனிகளை முதல் பந்தியில் உட்கார வைத்த ஷரத்தில் பிறந்தது.

93 உயிர்கள்

தனியார் திறமை என்கிறார்களே, அந்தத் திறமைக்கு ஒரு சாட்சி சொல்லுகிறோம்.

1918-ல் புரூக்ளின் கம்பெனியில் ரயில் ஓட்டும் தொழிலாளிகள் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்களைக் கம்பெனி வேலையிலிருந்து துரத்தியது. அவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்று யுத்தகாலத் தொழில் போர்டு தீர்ப்பளித்தது. கம்பெனி தீர்ப்பைக் குப்பையில் போட்டது. நவம்பர் 1-ந் தேதி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நிர்வாகம் என்ன செய்தது? வண்டிகளை அனுப்பிவைக்கும் வேலையில் இருந்த ஒருவரைப் பிடித்து ஓட்டுநர் இடத்தில் உட்கார வைத்தது. அந்தப் பாதையில் ரயில் ஓட்டி அவருக்குப் பழக்கமில்லை. அன்று மாலை, மணிக்கு 6 மைல் வேகத்தில் திரும்ப வேண்டிய மால்போன் தெரு வளைவில், அதைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் வண்டி பாய்ந்தது. மரத்தால் செய்த பழைய பெட்டிகள் சுரங்கச் சுவரில் மோதித் தீக்குச்சிகளைப் போல நொறுங்கின. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களில் குறைந்தது 93 பேர் செத்தார்கள்.

வழக்கு நடந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. பிறகு தெருவின் பெயரை மாற்றிவிட்டார்கள்.

கருங்காலிகளைக் கொண்டு வேலைநிறுத்தத்தை உடைப்பது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையேயுள்ள விவகாரம் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த 93 பிணங்களைப் பார்க்கட்டும். தொழிலாளியின் சங்க உரிமையும் பயணியின் உயிரும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன.

5 சென்ட் கட்டணம்: மக்களின் கோட்டை

முதல் உலக யுத்தத்தின்போது விலைவாசி ஏறியது. கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தத் துடித்தன. மக்கள் அசையவில்லை. 5 சென்ட் கட்டணத்தின் மேல் கை வைக்கும் அரசியல்வாதி தேர்தலில் மண்ணைக் கவ்வுவார் என்ற நிலை. கம்பெனி ஒன்று 7 சென்ட் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. 1929-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டிலேயே தோற்றுத் திரும்பியது. 1904-லிருந்து 1948 வரை, 44 ஆண்டுகள், இரண்டு உலக யுத்தங்களையும் ஒரு மாபெரும் பொருளாதார நெருக்கடியையும் தாண்டி அந்த 5 சென்ட் கட்டணம் நின்றது. முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்த தர்மமல்ல அது. மக்கள் விட்டுக்கொடுக்க மறுத்த உரிமை.

சுரங்கத்துக்குள்ளே இன்னொரு போராட்டம் மூண்டது. 1930-களின் தொடக்கத்தில் வாரத்தின் ஏழு நாளும் வேலை. நாளுக்கு 10 மணி, 12 மணி நேரம். தொழிலாளிகளுக்குள் வேவு பார்க்கக் கம்பெனியின் உளவாளிகள். கறுப்பு மக்களுக்கோ கூட்டிப் பெருக்கும் வேலையும் சுமை தூக்கும் வேலையும்தான். ஓட்டுநர் இடம் அவர்களுக்கு மூடிய கதவு.

இந்த இருட்டில்தான் 1934-ல் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கம்யூனிஸ்டுகளும், அயர்லாந்து விடுதலைப் போரில் புடம்போடப்பட்டு அமெரிக்காவுக்கு வந்த தொழிலாளிகளும் கைகோத்து அதைக் கட்டினார்கள். மைக் குவில் அதன் தலைவர்களில் ஒருவர். 1937 ஜனவரியில் கென்ட் அவென்யூ மின்நிலையத்தில் சங்க வேலை செய்ததற்காக இரண்டு பேரைக் கம்பெனி நீக்கியது. தொழிலாளிகள் வெளியே போகவில்லை, நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மின்சாரம் நின்றால் ரயில் நிற்கும் என்று முதலாளிக்குத் தெரியும். நீக்கப்பட்டவர்கள் மீண்டும் வேலைக்கு வந்தார்கள். அதே ஆண்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் அந்தச் சங்கத்தையே தங்கள் சங்கமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

திவாலான கடைக்கு 3260 லட்சம்!

ஒரு கம்பெனி 1918 கடைசியிலும் இன்னொன்று 1932-லும் கோர்ட் நியமித்த ரிசீவர் கைக்குப் போயின. தனியார் திறமையின் லட்சணம் அது! 1940-ல் நகர சர்க்கார் இரண்டையும் விலைக்கு வாங்கியது. விலை 3260 லட்சம் டாலர். தன் பணத்தில் வெட்டிய சுரங்கங்களின் குத்தகையை மீட்க நகரமே பணம் கொடுத்தது! கம்பெனிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் அதற்குப் பதிலாக நகரத்தின் பத்திரத்தைப் பெற்றார்கள். லாபம் வந்தவரை தனியார் சொத்து. லாபம் வற்றியதும் பொதுச் சொத்து. கறவை நின்ற மாட்டை ஊர் தலையில் கட்டுவது என்பது இதுதான்.

பொதுச் சொத்தானதை நாம் குறை சொல்லவில்லை. அதுதான் நியாயம். ஆனால் சொத்து மாறியதே தவிர, பந்தி வரிசை மாறவில்லை. கம்பெனியின் டிவிடெண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது பாங்கியின் வட்டி உட்கார்ந்தது.

1948-ல் ஒரு பெரிய வலை விரிக்கப்பட்டது. “உங்களுக்குக் கூலி உயர்வு வேண்டுமா? கட்டணத்தை 10 சென்ட் ஆக்க ஒப்புக்கொள்ளுங்கள்” என்றார் மேயர். மைக் குவில் அந்தப் பேரத்தை ஏற்றார். அதுவரை தோள் கொடுத்த கம்யூனிஸ்டுகளை விட்டுப் பிரிந்தார். 44 ஆண்டுக் கோட்டை விழுந்தது. அன்று கூலி உயர்ந்ததை யாரும் மறுக்கவில்லை. தொழிலாளிக்கு அது தேவைதான். ஆனால் அதைப் பயணியின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் சூழ்ச்சி. அன்று முதல் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம், “இதோ, உன் கட்டணத்தை ஏற்றுபவன் இவன்தான்” என்று பயணியிடம் தொழிலாளியைக் காட்டிக்கொடுக்க ஆள்வோருக்கு வழி பிறந்தது. வட்டி வாங்குபவனோ திரைக்குப் பின்னால் இருந்துகொண்டான்.

கேளுங்கள் அதற்குப் பிந்திய கணக்கை: 1953-ல் 15 சென்ட். 1966-ல் 20. 1970-ல் 30. 1975-ல் 50. 1986-ல் ஒரு டாலர். 2003-ல் 2 டாலர். 2015-ல் 2.75. 2023-ல் 2.90. 2026 ஜனவரியிலிருந்து 3 டாலர். முதல் 44 ஆண்டுகளில் ஒரு முறைகூட உயராத கட்டணம், அதன் பிறகு 60 மடங்காகிவிட்டது!

“ஓட்டும் செலவைக் கட்டணத்திலிருந்தே எடுக்க வேண்டும்” என்று 1953-ல் சட்டம் செய்தார்கள். சொந்தக் காலில் நிற்கச் செய்யும் வைத்தியம்! பலன் என்ன? இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் ஆண்டுக்கு 200 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் நடந்தன. 1970-களில் அது ஏறத்தாழ பாதியாயிற்று. அதே காலத்தில் மோட்டார் சாலைகளுக்குக் கோடி கோடியாகப் பொதுப்பணம் கொட்டப்பட்டது. சாலையைப் பார்த்து ‘சொந்தக் காலில் நில்’ என்று யாராவது சொன்னார்களா?

இரண்டாவது அவென்யூ பாதாள ரயிலின் கதை ஒன்று போதும். 1951-ல் அதைச் சொல்லி 5000 லட்சம் டாலர் கடனுக்கு வாக்காளர்களிடம் சம்மதம் வாங்கினார்கள். பணம் வேறு வேலைகளுக்குப் போயிற்று. பாதாள ரயில் வருமென்று நம்பி, மேலே ஓடிய பழைய ரயில்களையும் இடித்தாயிற்று. கடைசியில் 2017 ஜனவரி 1-ந் தேதி மூன்று புதிய ஸ்டேஷன்கள் திறந்தார்கள். இரண்டு மைல்கூட இல்லாத அந்தப் பாதைக்கு ஆன செலவு ஏறத்தாழ 445 கோடி டாலர்!

பாங்கிகள் வகுத்த பாதை

1975-ல் நியூயார்க் நகரம் கடனில் மூழ்கியது. கடன் கொடுத்த பாங்கிகள் நகரத்தின் கழுத்தில் கை வைத்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயருக்கு மேல் ஒரு நிதிக் கண்காணிப்பு போர்டு. கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50-க்கு ஏறியது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. பழுது பார்ப்பதைத் தள்ளிப்போட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெட்டி சராசரியாக 7,000 மைல்கூட ஒழுங்காக ஓடாமல் பழுதாகி நின்றது.

1982-லிருந்து புதுப்பிக்கும் வேலையில் பணம் போட்டார்கள். பெட்டிகள் மாறின; தண்டவாளம் மாறியது. பழுதுக்கும் பழுதுக்கும் இடையே ஓடும் தூரம் பின்னாளில் லட்சம் மைலைத் தாண்டியது. பொதுத்துறையால் முடியாது என்பவர்கள் இதை விழுங்கிவிடுகிறார்கள். அதே தொழிலாளிகள், அதே சங்கம்! பணம் போட்டால் ரயில் ஓடும்.

ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடன். 2017-ல் நிர்வாகத்தின் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கடனுக்கும் வட்டிக்கும் போயிற்று. அதே ஆண்டில் 1930-களின் சிக்னல்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தன. ஜூன் மாதம் ஹார்லம் பகுதியில் ஒரு ரயில் தடம் புரண்டது. கவர்னர் நெருக்கடி நிலை பிரகடனம் செய்தார். 2020-களில் மொத்தக் கடன் 4000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இந்தக் கடன் பத்திரங்களை வாங்கும் செல்வந்தனுக்குக் கிடைக்கும் வட்டிக்கு வருமான வரி கிடையாது. ஆனால் அந்த வட்டாரத்தில் சாமான் வாங்கும் ஏழை கொடுக்கும் விற்பனை வரியில் ஒரு பகுதி போக்குவரத்து நிர்வாகத்துக்குப் போகிறது. ஏழை கொடுக்கிறான் வரி. பணக்காரன் வாங்குகிறான் வரியில்லாத வட்டி!

இப்போது ஒரு புதுக் கூச்சல்: “டிக்கட் இல்லாமல் தாண்டிக் குதிக்கிறவர்களால்தான் நஷ்டம்!” நிர்வாகம் அமைத்த குழுவின் கணக்கையே எடுப்போம். ரயில், பஸ், பாலம் எல்லாம் சேர்த்து 2022-ல் அப்படிப் போனது 69 கோடி டாலர். பாதாள ரயிலில் மட்டும் 28.5 கோடி. அதே ஆண்டில் கடனுக்குக் கட்டியது 250 கோடிக்கு மேல்! மூன்று டாலர் இல்லாதவன் கம்பியைத் தாண்டினால் போலீஸ். 250 கோடியை அள்ளிப்போகிறவனுக்குச் சட்டத்தின் காவல்.

2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டன் நெரிசல் பகுதிக்குள் நுழையும் கார்களிடம் 9 டாலர் வாங்குகிறார்கள். காரில் வருபவன் ரயிலுக்குக் கொடுப்பது நியாயம்தான். அதைப் பொறுக்காமல் அடுத்த மாதமே ட்ரம்ப் சர்க்கார் ரத்துசெய்யக் கிளம்பியது. அந்தப் பணம் எப்படிச் செலவாகத் திட்டம்? அதை ஈடாகக் காட்டி 1500 கோடி டாலர் கடன் வாங்க! மக்கள் எந்தக் கதவைத் திறந்தாலும் பாங்கி உள்ளே வந்து உட்காருகிறது.

உழைப்பவனுக்குக் கைவிலங்கு

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1966 ஜனவரியில் 12 நாள் வேலைநிறுத்தம். மைக் குவிலைச் சிறையில் அடைத்தார்கள். சிறையில் உடல் குலைந்தவர் அந்த மாதக் கடைசியிலேயே காலமானார். 1948-ல் அவர் செய்த பேரத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் கோர்ட் தடையைக் கிழித்தெறிந்து சிறை சென்ற அந்தத் தீரத்துக்குத் தலைவணங்குகிறோம். அடுத்த ஆண்டே, பொதுத்துறை ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதைத் தண்டிக்கும் டெய்லர் சட்டம் வந்தது. 2005 டிசம்பரில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்ததற்குச் சங்கத்துக்கு 25 லட்சம் டாலர் அபராதம், தலைவருக்குச் சிறை.

2020-ல் பெருந்தொற்று வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது ஆஸ்பத்திரி ஊழியர்களையும் கடைச் சிப்பந்திகளையும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஓடின. முகமூடி சீருடையில் சேராது என்று தொடக்கத்தில் நிர்வாகம் தடுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட போக்குவரத்துத் தொழிலாளிகள் மடிந்தார்கள். “அத்தியாவசியமானவர்கள்” என்று அவர்களுக்குப் புகழ்மாலை! கூலி கேட்டால் மட்டும் “திவாலாக்குகிறவர்கள்”!

வேறு வழி உண்டா?

உண்டு என்று வரலாறு சொல்லுகிறது. மாஸ்கோவில் 1935 மே 15-ல் 13 ஸ்டேஷன்களோடு பாதாள ரயில் திறக்கப்பட்டது. நாஜிப் படைகளோடு போராடிய ஆண்டுகளிலும் புதிய ஸ்டேஷன்கள் திறந்தார்கள். 1961 முதல் 1991 வரை 30 ஆண்டுகள் கட்டணம் 5 கோபெக். அங்கே பங்குதாரனும் இல்லை, பத்திர வட்டி தின்பவனும் இல்லை. சோவியத் ஆட்சி வீழ்ந்த ஆண்டில்தான் அந்தக் கட்டணமும் வீழ்ந்தது. இது தற்செயலா?

நம் நாட்டிலும் பாடம் இல்லாமலில்லை. டில்லி விமான நிலைய ரயில் 2011-ல் தனியார் கையில் ஓடத் தொடங்கியது. 2012 ஜூலையில் பழுதுகளால் நின்றது. 2013 ஜூலையில் ரிலையன்ஸ் குழுமக் கம்பெனி கைகழுவியது, பொதுத்துறையான டில்லி மெட்ரோ அதை ஏற்று நடத்தியது, கட்டணத்தைக் குறைத்தது, பயணிகள் பெருகினார்கள். கைகழுவிய கம்பெனியோ ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கேட்டு வழக்காடியது. கம்பெனிக்குக் கிடைத்த தீர்ப்பை 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்யும்வரை அந்தக் கத்தி மக்கள் தலைமேல் தொங்கியது. நியூயார்க்கில் 1940-ல் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே, பொதுப் போக்குவரத்து சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று உபதேசம் செய்கிறவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். அதன் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருப்பவனை முதலில் இறக்குவீர்களா? ரயில் நின்றால் அந்த நகரத்தின் ஆலையும் ஆபீசும் கடையும் பாங்கியும் நிற்கும். ரயிலால் கொழுக்கும் அந்தப் பெரும் சொத்துக்காரர்கள் அதன் செலவைக் கொடுக்கட்டும். கட்டணம் குறையட்டும். பழுது பார்க்கும் பணம் வட்டிக்குப் போகாமல் தண்டவாளத்துக்குப் போகட்டும். தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமை திரும்பட்டும்.

இவற்றை யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். 44 ஆண்டுகள் 5 சென்ட் கட்டணத்தைக் காத்தவர்கள் பயணிகள். ஏழு நாள் வேலையை ஒழித்தவர்கள் தொழிலாளிகள். 1948-ல் இவ்விருவரையும் பிரித்த பிறகுதான் கொள்ளை தடையின்றி நடந்தது. வண்டிக்குள் நிற்பவனும் வண்டியை ஓட்டுபவனும் மீண்டும் ஒரே அணியில் நிற்கும் நாளில் பந்தியின் வரிசை மாறும். நியூயார்க்குக்கு மட்டுமல்ல, ரயில் ஓடும் ஒவ்வொரு நகரத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.